கர்சருக்குப் பேய் பிடித்தபோது

ஆச்சி வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ராட்டினம், தேய்ந்த கயிறு, உள்ளே விழுந்து கடைசிவரை கிடைக்காமல் போன பித்தளைக் குடம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரையைப் பார்க்காமல் தட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒரு பத்தி முடித்து நிமிர்ந்து பார்த்தால், கடைசி வரியின் முடிவில் 'க' என்று ஓர் எழுத்து மட்டும் அநாதையாக நிற்கிறது. மிச்சம் எங்கே என்று தேடினேன். நான்கு வரிக்கு மேலே, ராட்டினத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில், 'இணறு' என்று உட்கார்ந்திருக்கிறது.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. அதில் 'க' தட்டி அடுத்து 'இ' தட்டினால் இரண்டும் சேர்ந்து 'கி' ஆகும். அந்த இரண்டு தட்டலுக்கு நடுவே கர்சர் ஓடிப்போனால், மெய் ஓரிடம், உயிர் வேறிடம். ஆங்கிலத்தில் தட்டுகிறவனுக்குச் சொல்தான் உடையும். நமக்கு எழுத்தே உடைந்துவிடுகிறது.

முதல் நாள் கவனக்குறைவு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எடிட்டருக்கு அனுப்பிய கட்டுரையில் ஒரு முழு வாக்கியம் காணாமல் போயிருந்தது. எதுவோ தானாகத் தேர்வாகி, அடுத்த எழுத்தைத் தட்டியதும் மொத்தமாக அழிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் டச்பேடை ஓர் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

வழக்கமாக எல்லோரும் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். ரீஸ்டார்ட். அப்டேட். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். அதன்பின் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் லேப்டாப்பைத் திறந்து, விரலால் இரண்டு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "டச்பேட் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றான். மாற்றினால் நிச்சயம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "இல்லைன்னா மதர்போர்டா இருக்கும்" என்றான். நல்லவேளையாக அவன் விலையையும் சொன்னான். மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கடை மேஜைமேல் இருந்த பத்து நிமிடமும் கர்சர் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய டைரியை எடுத்தேன். கர்சர் சேட்டை செய்யும்போதெல்லாம் ஒரு வரி எழுதுவது என்று முடிவு. என்ன நேரம், எந்த அறை, என்ன செய்துகொண்டிருந்தேன், சார்ஜர் போட்டிருந்ததா, கையில் ஈரம் இருந்ததா. இரண்டு வாரம் இப்படி ஓடியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் காய்ச்சல் சார்ட் எழுதச் சொன்னப்ப இவ்வளவு ஒழுங்கா எழுதலையே" என்றாள்.

ஆனால் அந்த டைரிதான் கண்ணைத் திறந்தது. நான் ஒரே நோய் என்று நினைத்திருந்தது உண்மையில் இரண்டு. ஒன்று, தட்டிக்கொண்டிருக்கும்போது எழுதுமிடம் திடீரென்று வேறு வரிக்குத் தாவுவது. இரண்டு, தட்டாமல் சும்மா விரலை வைத்து நகர்த்தும்போது அம்புக்குறி ஈ மொய்ப்பதுபோல் நடுங்குவது. இரண்டும் வேறு வேறு நேரங்களில் வருகின்றன. முதலாவது எப்போதும் வரும். இரண்டாவது பின்னறையில் மட்டும் வருகிறது, அதுவும் மாலையில்தான். மாலையில் பேய் வருகிறது என்றுதான் அம்மா இதற்கு விளக்கம் சொன்னார். மாலையில் அங்கே நான் எப்படி உட்கார்கிறேன், என்ன செய்கிறேன் என்று யோசிக்க இன்னும் சில நாள் ஆயிற்று.

இந்த டச்பேட் என்கிற தட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது என்று தோன்றியது. நான் அதுவரை அது அழுத்தத்தை உணர்கிறது என்றே நம்பியிருந்தேன். இல்லை. மேல்தகட்டுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக, பாயின் கோரைபோல, மெல்லிய உலோகக் கோடுகள் ஓடுகின்றன. கோடும் கோடும் சந்திக்கிற ஒவ்வொரு இடமும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். நம் உடம்பு உப்புத்தண்ணீர் நிறைந்த பை, மின்சாரம் ஓடக்கூடியது. விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்கம் துளி மாறுகிறது. எவ்வளவு துளி? பைக்கோஃபாரட் கணக்கில். ஒரு ஃபாரட்டை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு பைக்கோஃபாரட். அந்த அளவு மாற்றத்தை நொடிக்குப் பலமுறை அளந்து, எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்த்து, நடுப்புள்ளியைக் கணித்து, "இங்கே விரல் இருக்கிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதனால்தான் பேனா மூடியால் தேய்த்தால் அசையாது, ஈரத்துணியால் துடைத்தால் தானாக ஓடும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்கார்ந்தால் தட்டுமேல் ஒரு படலம் படிந்து விரல் வழுக்குவதும் ஒட்டுவதுமாக இருக்கும். வியர்த்த கைக்கும் இதே கதி. சுத்தமான மெல்லிய துணி, துளி ஈரம், துடைத்துக் காயவிடுவது. அதுதான் முதல் சிகிச்சை, பலருக்கு அதிலேயே முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

இந்தக் கெப்பாசிட்டர் வகைத் தட்டு 1988-இல் ஜார்ஜ் கெர்ஃபைட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. 1994-இல் ஆப்பிள் தன் பவர்புக் 500 வரிசையில் அதைப் பொருத்தியது. அதற்கு முன் மடிக்கணினிகளில் பெரும்பாலும் உருண்டைதான், கோலிக்குண்டு மாதிரி ஒன்றை உருட்ட வேண்டும். இன்னொரு பக்கம் ஐபிஎம் 1992-இல் திங்க்பேட் 700சி-யில் விசைப்பலகை நடுவே ஒரு சிவப்புக் குமிழை நட்டது. இன்றைக்கும் அதை விடமாட்டேன் என்கிற கூட்டம் உண்டு. எனக்குப் பிடித்த கதை சினாப்டிக்ஸ் கம்பெனியுடையது. 1986-இல் அதைத் தொடங்கியவர்கள் கார்வர் மீடும் ஃபெடரிகோ ஃபாஜினும். ஃபாஜின் யார் என்றால், 1971-இல் வந்த இன்டெல் 4004 சிப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். மூளையின் நரம்பு வலையை சிலிக்கானில் செய்து பார்க்க வந்தவர்கள் அவர்கள். நரம்புச் சந்திப்புக்கான பெயரிலிருந்துதான் கம்பெனியின் பெயரே வந்தது. கடைசியில் உலகம் முழுக்க மடிக்கணினிகளில் விரல் தேய்க்கிற தட்டு செய்து பிழைத்தார்கள். மூளை தேடிப் புறப்பட்டு விரல் நுனியில் வந்து நின்ற பயணம்.

சரி, முதல் நோய்க்கு வருகிறேன்.

தட்டும்போது எழுதுமிடம் தாவினால், உடனே டச்பேட் மேல் பழி போடாதீர்கள். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அம்புக்குறியைக் கொண்டுபோய்த் திரையின் ஒரு மூலையில், எழுத்தே இல்லாத இடத்தில் விட்டுவிட்டு எழுதுங்கள். டச்பேடில் கை பட்டு கிளிக் விழுகிறது என்றால், அந்தக் கிளிக் அம்புக்குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் விழும். மூலையில் விழுந்தால் வரி தாவாது, அல்லது சம்பந்தமே இல்லாமல் வேறு ஜன்னல் திறக்கும். அப்படியும் உங்கள் எழுத்து நடுப்பத்திக்குத் தாவுகிறது என்றால் குற்றவாளி வேறு, விசைப்பலகையையோ எழுதுகிற மென்பொருளையோ பாருங்கள். என் விஷயத்தில் மூலைக்குப் போனதும் தாவல் நின்றது. ஆக, என் கைதான்.

கட்டைவிரல். ஸ்பேஸ் பாருக்குக் கீழே என் வலது கட்டைவிரல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் அடிச்சதை தட்டின் மேல்விளிம்பில் அவ்வப்போது உரசுகிறது. அந்த உரசலை ஒரு தட்டல் என்று எடுத்துக்கொண்டு அது கிளிக் போடுகிறது. இப்போதெல்லாம் தட்டு பெரிதாக இருப்பதுதான் அழகு என்று செய்கிறார்கள். உள்ளங்கை வைக்க இடமில்லாமல் வீடு முழுக்க வாசல் வைத்த கதை.

உள்ளங்கை எது, விரல் எது என்று பிரித்தறியும் புத்தி மென்பொருளில் இருக்கிறது. தொடும் பரப்பு அகலமா, ஓரத்திலிருந்து வருகிறதா, சற்றுமுன் விசை ஏதாவது தட்டப்பட்டதா என்றெல்லாம் பார்த்து ஓர் ஊகம் செய்யும். ஊகம்தான், தீர்ப்பு இல்லை. அந்த ஊகம் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்திருந்தேன்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் டச்பேட், அதில் டேப்ஸ் என்று விரித்தால், சென்சிட்டிவிட்டி என்று ஒன்று வரும். நான்கு படிகள். மோஸ்ட் சென்சிட்டிவ் என்பது உச்சம், லோ என்பது கடைசி. லேப்டாப் வாங்கிய அன்றே நான் அதை உச்சத்தில் வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய பொருள் கூர்மையாக இருக்கட்டும் என்ற எண்ணம், ஃபேனை ஐந்தில் வைப்பது மாதிரி. ஆனால் அந்தப் படி விரலின் மென்மையை அளப்பதற்கானது இல்லை. நீங்கள் விசையைத் தட்டிய பிறகு எவ்வளவு நேரம் தட்டின் பேச்சை நம்பாமல் இருப்பது என்பதற்கானது. விண்டோஸ் 8.1-இல் இதே விஷயத்துக்கு, கிளிக் வேலை செய்யுமுன் எவ்வளவு தாமதம் என்று நேரடியாகவே பெயர் வைத்திருந்தார்கள். தாமதம் வேண்டாம், குறைந்த தாமதம், நடுத்தரம், நீண்டது என்று நான்கு. பிற்பாடு யாரோ அதற்குக் கூர்மை என்று அழகான பெயர் சூட்டிவிட்டார்கள். நான் உச்சத்தில் வைத்ததன் பொருள், "என் உள்ளங்கை எதைச் சொன்னாலும் உடனே நம்பு" என்பது. லோ-வுக்கு இறக்கினேன். முக்கால் பங்கு தாவல் அன்றே நின்றது.

மீதிக்கு, ஒரு விரல் தட்டலுக்குக் கிளிக் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். இரண்டு விரல் தட்டினால் ரைட் கிளிக் என்பதை மட்டும் விட்டுவைத்தேன். கட்டைவிரலின் சதை இரண்டு விரலாக நடிக்க முடியாது. இனிமேல் கிளிக் வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு கை பழகிவிட்டது.

என் பழைய மடிக்கணினியில் உபுண்டு ஓடுகிறது. அதில் டச்பேடைக் கவனிப்பது லிப்இன்புட் என்ற நூலகம். அதை எழுதியவர்களின் எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. தட்டினால் கிளிக் என்பதைப் பெரும்பாலான கருவிகளில் அவர்கள் அணைத்தே வைக்கிறார்கள். தட்டலைப் பற்றி அறியாதவருக்கு அது திறந்திருந்தால் கம்ப்யூட்டரே கெட்டுப்போனதாகத் தோன்றும், அறிந்தவருக்கோ எங்கே திறப்பது என்று தேடிக்கொள்ளத் தெரியும் என்பது அவர்கள் நியாயம். விசை தட்டும்போது தட்டைச் செயலிழக்கச் செய்வதிலும் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்ற விசைகளுக்கு அந்தத் தடை கிடையாது, ஏனென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே கிளிக் செய்கிற தேவை வரும். யோசித்துச் செய்த வேலை. கேமில் ஒரு விசையை அழுத்திக்கொண்டே மறுகையால் தட்டில் திசை திருப்பி விளையாடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் இது ஆகாது. அவர்கள் அந்தத் தடையை அணைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு கிளைக்கதை. டச்பேட் சரிபண்ணுகிறான் என்று சொந்தக்காரர்களுக்குள் பேர் பரவிவிட்டது. அத்தை மகன் கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்தான், "அத்தான், டச்பேட் செத்தே போச்சு, நாளைக்கு பிராக்டிகல்." அரைமணி நேரம் என்னென்னவோ கேட்டேன். ஃபங்ஷன் விசை வரிசையில் டச்பேட் படம் போட்ட விசையை அழுத்தச் சொன்னேன். தட்டின் இடது மூலையில் சின்னப் புள்ளி இருக்கிறதா, சில பழைய மாடல்களில் அதை இரண்டு முறை தட்டினால் தட்டே அணைந்துவிடும் என்றும் சொன்னேன். எதுவும் இல்லை. கடைசியில்தான் கேட்டேன், ஓரத்தில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று. "மவுஸோட டாங்கிள் இருக்கு. ஆனா மவுஸ் ஊர்ல கெடக்கு." மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேட் வேண்டாம் என்று எப்போதோ டிக்கை எடுத்திருக்கிறான். செருகிய டாங்கிளைப் பார்த்து, மவுஸ் இருக்கிறது என்று லேப்டாப் நம்பிக்கொண்டிருக்கிறது. பிடுங்கினான், உயிர் வந்தது. நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை பயல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரோல் திசை. 2011-இல் ஆப்பிள் தன் லயன் பதிப்பில் விரல் போகிற பக்கமே தாளும் போகும்படி திருப்பிவைத்ததிலிருந்து உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் பிரிவினை உண்டு. மனைவி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அவள் என் லேப்டாப்பில் மின்கட்டணம் கட்டிவிட்டுப் போனால் அடுத்த ஐந்து நிமிடம் நான் எல்லாப் பக்கத்தையும் தலைகீழாகப் படிப்பேன். இதற்கு மருந்து கிடையாது, ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போடுவதைத் தவிர.

இப்போது இரண்டாவது நோய், அந்த நடுக்கம். இதுதான் எனக்குப் பெரிய பாடம் எடுத்தது.

டைரியைப் புரட்டினால், நடுங்கிய நாட்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது, சார்ஜர். பகலில் பேட்டரியில் ஓட்டுகிறேன். மாலையில் பின்னறைக்குப் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜரைச் செருகிக்கொண்டு உட்கார்கிறேன். மாலைப் பேய் அதுதான். சர்வீஸ் கடையில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது, அங்கே சார்ஜர் போடவே இல்லை. மென்பொருள் குற்றமில்லை என்று உறுதிப்படுத்த, ஒரு பென்டிரைவில் உபுண்டுவைப் போட்டு அதிலிருந்தே இந்த லேப்டாப்பைக் கிளப்பிப் பார்த்தேன். அங்கேயும் அதே நடுக்கம். இரண்டு வேறு மென்பொருள் ஒரே மாதிரித் தவறு செய்யாது.

இன்னும் விசித்திரம் ஒன்று. காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் நடுக்கம் கூடுகிறது. நாற்காலியில் சம்மணம் போட்டால் குறைகிறது. இடது உள்ளங்கையை லேப்டாப்பின் உலோக உடம்பில் அழுத்தி வைத்துக்கொண்டால் நின்றேவிடுகிறது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நானே வெளியில் சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வேறு வேலையாக வந்தவர். மாடித்தொட்டி மோட்டார். போகிற போக்கில் கேட்டேன், "அண்ணே, லேப்டாப் மேல கை வச்சா லேசா ஜிவ்வுனு இருக்கு." அவர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து லேப்டாப்பின் ஓர ஸ்க்ரூவில் வைத்தார். மங்கலாக எரிந்தது.

"எர்த் இல்ல சார்."

"சார்ஜர்ல மூணு பின் இருக்கே அண்ணே."

அவர் பதில் சொல்லவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கிக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே இரண்டே வயர். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் துண்டு இருந்தது, அதிலிருந்து எங்கேயும் எதுவும் போகவில்லை. "ஓட்டை இருக்கு, வயர் இல்ல. சும்மா அழகுக்கு வச்சிருக்கான்" என்றார். நான் அதை வாங்கியது ஒரு நடைபாதைக் கடையில், விலை மலிவு என்று. ஆறு பிளக் போடலாம், யுஎஸ்பி வேறு உண்டு. எர்த்தைத் தவிர எல்லாம் உண்டு.

என் மனைவி ஆறு மாதமாக, "லேப்டாப் ஷாக் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான், "அது ஸ்டேட்டிக், ஒண்ணும் பண்ணாது" என்று பொறியாளர் குரலில் சொல்லியிருந்தேன். அன்று மாலை அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒருமுறை மறுஒளிபரப்பானது.

நடப்பது இதுதான். சுவரில் வருகிற 230 வோல்ட்டைச் சார்ஜர் பல்லாயிரக்கணக்கான முறை நொடிக்கு வெட்டி வெட்டித்தான் லேப்டாப்புக்கு வேண்டிய அளவுக்குக் குறைக்கிறது. அப்படி வெட்டும்போது மின்இரைச்சல் உண்டாகும். அதை அடக்க, மெயின் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே குட்டிக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகமிகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பு முழுவதும் நட்டாற்றில் மிதப்பதுபோல் ஒரு மின்னழுத்தத்தில் மிதக்கும். மல்டிமீட்டரில் பார்த்தால் நூறு வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டும். ஓடுகிற மின்சாரம் அற்பம் என்பதால் நல்ல சார்ஜராக இருந்தால் ஆளை ஒன்றும் செய்யாது, அந்த ஜிவ்வோடு சரி. ஆனால் பைக்கோஃபாரட்டை எண்ணிக்கொண்டிருக்கிற டச்பேடின் நிலைமை? தரையில் கால் ஊன்றிய நான் மண்ணின் பக்கம். லேப்டாப் இரைச்சலோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டம் முழுவதும் என் விரல் வழியாகத் தட்டில் இறங்குகிறது. தட்டுக்கு அது விரல் கிட்டே வருவதும் விலகுவதுமாகத் தெரிகிறது. கையை உலோக உடம்பில் வைத்தால் நானும் லேப்டாப்பும் ஒரே படகில் ஏறிவிடுகிறோம், அதனால் அமைதி. மட்டமான சார்ஜரில் போட்ட செல்போன் தானாக எழுத்துகளைத் தட்டுவதும் இதே வியாதிதான்.

அண்ணன் அதோடு நிற்கவில்லை. ஒரு ஹோல்டரில் குண்டு பல்பும் இரண்டு வயரும் வைத்திருந்தார். கூடத்து பிளக் பாயிண்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பின்னறை பாயிண்ட்டில் வைத்தார். பல்பு செத்த மாதிரி இருந்தது. சுவரிலேயே எர்த் இல்லை. "வீடு கட்டுனப்ப பைப்புல பச்சை வயரை இழுக்காமலே விட்டுட்டாங்க சார், மண்ணுல கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டி என்ன பிரயோஜனம்?" என்றார். (இந்தப் பல்பு வித்தையை நீங்கள் செய்யாதீர்கள். கசிவு கண்டால் வெட்டும் ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் மொத்த கரண்ட்டும் போய்விடும். இல்லாத வீட்டில் கை தவறினால் ஆள் போய்விடுவார்.)

மூன்று வயர் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிக் கூடத்தில் போட்டேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. இரண்டு பின் மட்டுமே உள்ள சார்ஜராக இருந்திருந்தால் இந்த வழி உதவியிருக்காது, எர்த்தோடு வருகிற சார்ஜர் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். எட்டு மாதம் கழித்து மூன்றாவது நோய் வந்தது. கிளிக் இறுகிவிட்டது. அழுத்தினால் கல்லைக் குத்துவதுபோல். இந்த மாதிரித் தட்டுகள் பலவும் மேல்விளிம்பில் கீல் வைத்த கதவு மாதிரி, பொத்தான் கீழ்விளிம்பு ஓரத்தில் இருக்கும். அதனால் மேல்பக்கம் அழுத்தினால் இறுக்கமாகத்தான் இருக்கும், அது குறை இல்லை. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த வகையிலோ தட்டு அசைவதே இல்லை, உள்ளே காந்தம் அதிர்ந்து கிளிக் விழுந்ததாக விரலை ஏமாற்றும். மெஷினை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், வெறும் பலகை. என்னுடையது கீல் வகை. கீழ்விளிம்பிலும் இறுகியதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

டைரியை மறுபடி எடுத்தேன். சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த அறையானாலும் ஒரே மாதிரி. கை காரணமில்லை, கரண்ட் காரணமில்லை. பொங்கி மூடியைத் தூக்குகிற அம்மாவின் இட்லி மாவு ஞாபகம் ஏனோ வந்தது. லேப்டாப்பை மேஜைமேல் வைத்து ஒரு மூலையை அழுத்தினேன், தாயக்கட்டைபோல் ஆடியது. நான்கு கால் இருக்கிற பொருள் ஆடக் கூடாது. மூடியை மூடினால் நடுவில் ஒரு மெல்லிய சந்து. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் தட்டு சுற்றியிருக்கிற பரப்பைவிட ஒரு நூல் மேலே எழும்பியிருக்கிறது.

உடனே அணைத்தேன். இம்முறை வேறு கடை, அங்கே என் கண்ணெதிரே திறந்தார்கள். டச்பேடுக்கு நேர் கீழேதான் பேட்டரி. அதன் மூன்று பைகளில் இரண்டு பூரிபோல் உப்பியிருந்தன. லித்தியம் பேட்டரி வயதாகி, சூட்டில் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகி, வெளியே போக வழியில்லாமல் உப்புகிறது. அது கீழிருந்து தட்டை முட்டிக்கொண்டிருக்க, பொத்தான் எப்படி இறங்கும்? இந்த நிலையில் தட்டைப் பலமாக அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். நான் இரண்டு நாள் அதைத்தான் செய்திருந்தேன். குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கலாம். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது, நாட்டில் 2022 முதல் பேட்டரிக் கழிவுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. கடைக்காரரே பழையதை வாங்கி வைத்துக்கொண்டார். புது பேட்டரி போட்டதும் கிளிக் தானாகத் திரும்பிவந்தது. தட்டை யாரும் தொடக்கூட இல்லை. ஒரு வருடம் முன் அந்தப் பையன் மாற்றச் சொன்ன அதே தட்டுதான் இன்றைக்கும் ஓடுகிறது.

அதிலிருந்து சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதியைத் திறந்து வைத்திருக்கிறேன். சித்திரை மாதத்தில் கூடத்தில் நாள் முழுக்க நூறு சதவீதத்தில் செருகியே வைத்திருந்ததுதான் பேட்டரிக்கு நான் செய்த உபசாரம்.

பின்னறைக்குப் பச்சை வயர் இழுப்பது இன்னும் பாக்கி. "ஆடி கழியட்டும் சார்" என்றார் அண்ணன். எந்த ஆடி என்று அவர் சொல்லவில்லை. அதுவரை இந்த அறையில் சார்ஜரைச் செருகாமல்தான் எழுதுகிறேன். இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பேட்டரி 9 சதவீதம் காட்டுகிறது. கூடத்தில் சீரியல் ஓடுகிறது, எட்டரைக்குத்தான் முடியும்.